குட்டை இருந்த இடத்தில் கிடைத்த காசுகள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தாறு. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

பழைய காசுகள் சேர்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். மெட்டல் டிடெக்டர் வாங்கிய பிறகு, விடுமுறை நாட்களில் நிலத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டுத் தேடி வருகிறேன். போவதற்கு முன் இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் போவேன். பழைய நில அளவை வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் காட்டும் தளம் ஒன்று உண்டு. அழிந்துபோன சந்தை, படகுத்துறை, வண்டிப்பாதை எல்லாம் அதில் தெரியும். கிடைத்த காசு எந்தக் காலத்தது என்று அறிய, சேகரிப்பாளர்கள் படம் போட்டுவைக்கும் வேறொரு தளம் உண்டு. எனக்கு இதுவரை கிடைத்தவை பெரும்பாலும் ஆணியும் பாட்டில் மூடியும்தான். நான் சீக்கிரமே பழைய இரும்புக் கடை வைத்துவிடுவேன் என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

என் தம்பி ஏசி பழுதுபார்ப்பவன். இந்தத் தேடலில் அவனுக்கு ஆர்வம் இருந்ததே இல்லை. சென்ற மாதம் அவனாகவே வீட்டுக்கு வந்து, மூடிக்கிடக்கும் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு நிலம் இருப்பதாகவும், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டதாகவும் சொன்னான். மறுநாள் காலையில் போனோம். பழைய படகுத்துறை இருந்த ஆற்றோரத்தில் தொடங்கலாம் என்றேன். அவன் சூளை மதிலின் மூலைக்குத்தான் போக வேண்டும் என்றான். போன கொஞ்ச நேரத்தில் கருவி ஒலித்தது. மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தான். "நீயே தோண்டுக்கா. உன் கைராசிக்குத்தான் வரும்" என்றான். மண் எனக்கு முன்பே யாரோ தோண்டியது போல லேசாக வந்தது. ஒரு சிறிய செம்பும் அதற்குள் வெள்ளிக் காசுகளும் இருந்தன. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்ததால், அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அதன்பின் வீட்டுக்கு வந்து காசுகளைக் கழுவ உட்கார்ந்தேன். கழுவுவதற்கு அவற்றில் அழுக்கே இல்லை. செம்பு பச்சை பிடித்திருந்தது, காசுகள் பளபளத்தன. தம்பியிடம் கேட்டதற்கு வெள்ளி அப்படித்தான் இருக்கும் என்றான். தொல்பொருள் அலுவலகத்தில் என் பெயரில் உடனே பதிவு செய்யச் சொன்னான். மண்ணில் கிடைத்தது என்று பதிவாகிவிட்டால் விற்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னான். இந்த விவரம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு செய்ய இடத்தைக் குறிக்க வேண்டியிருந்ததால் வரைபடத் தளத்தை மறுபடியும் திறந்தேன். மதில் மூலை இருக்குமிடம் பழைய வரைபடங்கள் எல்லாவற்றிலும் ஆழமான குட்டையாக இருந்தது. எனக்குக் கல்யாணமான சமயத்தில்தான் அதில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். தண்ணீர் நின்ற குட்டைக்குள் அந்தக் காலத்தில் யாரும் காசு புதைத்திருக்க முடியாது என்பதால் பதிவு செய்வதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு காசுகளைப் படமெடுத்து மற்றத் தளத்தில் தேடினேன். ஒரு காசில் மன்னர் தலையின் காதருகே ஆணி அடித்தது போல ஒரு குழி இருந்தது. அதே குழியுடன் ஒரு காசின் படம் களவுபோனவை என்ற பகுதியில் இருந்தது. பல் எக்ஸ்ரேக்களை ஒப்பிடுவது போல இரண்டு படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கீறல்கூட விலகவில்லை.

படத்தைப் போட்டிருந்தவர் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். மனைவியின் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது வீட்டில் திருடுபோனதாக எழுதியிருந்தார். தொலைபேசியில் அழைத்து, என்னைச் சேகரிப்பாளர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அதற்கு முன்பு வெளியாட்கள் யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று கேட்டேன். அவர் சொன்னது: "சந்தேகப்படற மாதிரி யாரும் வரலம்மா. ஏசி சரிபண்ண ஒரு தம்பி வந்தாரு. தங்கமான பிள்ளை. காசுகளைப் பாத்துட்டு, எங்க அக்காவுக்கும் இதுல பைத்தியம்னு சிரிச்சாரு." அதற்கு மேல் அவர் மனைவியின் உடல்நிலையைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தம்பியின் பட்டறைக்குப் போய் இரண்டு படங்களையும் காட்டினேன். அவன் மறுக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நீ தேடாம விட்டிருந்தா அது கிடைச்சதாவே இருந்திருக்கும்க்கா" என்றான். மாட்டிக்கொண்டிருந்தால் உள்ளே போயிருப்பது நான்தானே என்று கேட்டேன். அக்காவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னான். நிலையத்துக்குப் போகிறேன் என்றதும் பட்டறையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தான். அவனே என்னை இங்கே கூட்டிவந்தான்.

செம்பையும் காசுகளையும் ஒப்படைத்துவிட்டேன். தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தூசியில் வேலை செய்வதால் அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. வரும் வழியில் மருந்துக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு இன்ஹேலர் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியாததால், அதை அவனிடம் கொடுக்கும்படி எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. இதில் பொய் இல்லை, விட்டுப்போனதும் இல்லை.

(கையொப்பம்)