தூர நின்ற துப்பாக்கிக்காரி

தலைமை தாங்கும் தகைசால் மன்றத் தலைவர் அய்யாசாமி ஐயா அவர்களே! முதல் ஷிப்டு முடித்து, முகம் கழுவிய ஈரத்தோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெரியவர்கள் விளையாடிய கதையைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் சைக்கிளில் வந்து குவிந்த செல்வங்களே! உங்கள் செங்குட்டுவனின் வணக்கம்!

கணினி விளையாட்டுப் போட்டியில் வென்றவன் பேச வேண்டும் என்றார்கள். வென்ற கதைக்கு முன்னால் நான் செத்த கதையைச் சொல்ல வேண்டும். பதறாதீர்கள் தாய்மார்களே, விளையாட்டில்தான் செத்தேன்!

இருவர் சேர்ந்து ஓர் அரக்கனை வீழ்த்தும் ஆட்டம் அது. நான் எடுத்தது வாள். சுரங்கத்தில் மலை போன்ற இயந்திரம் ஓட்டுகிறவனுக்குச் சின்ன ஆயுதம் பிடிக்குமா? என் இணை புவனா. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. அவர் எடுத்தது துப்பாக்கி. தூர நின்று சுடுவதா வீரம் என்று கேலி செய்தேன்.

"துப்பாக்கிக்காரிக்கு உயிர் கம்மி சார். ரெண்டு அடி பட்டா அவ்ளோதான். தூரந்தான் எனக்குக் கவசம். நீங்க முன்னால நின்னு அவனைப் புடிச்சி வைங்க, நான் சுட்டுகினே இருக்கேன்" என்றார்.

கேட்டேனா? கேட்டிருந்தால் இந்தப் பேச்சு ஏது!

இறுதி ஆட்டம். எட்டு நிமிடக் கெடு. அரங்கம் ஆர்ப்பரிக்க, அரக்கனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். என்னைத் தேடி அவனும் சுழன்றான். புவனாவின் தோட்டாக்கள் எல்லாம் அவன் முதுகு ஓட்டில் பட்டுத் தெறித்தன.

"சார், ஓடிகினே இருந்தா நான் எங்க சுடறது?" என்றார். ஓடினேன்.

"யோவ், நில்லுய்யா!" என்றார். ஆம், பர்மனென்ட் ஊழியனைத்தான் சொன்னார்! யாரங்கே கைதட்டுவது? எங்கள் வீட்டம்மாவா? தட்டுங்கள், தட்டுங்கள். அடுத்த நொடி நான் அரக்கனின் காலடியில் அப்பளமாய் நொறுங்கினேன்.

"சுடு! சுடு!" என்று நீங்கள் கத்தினீர்களே, புவனா கண்டபடி சுட்டாரா? இல்லை! அவன் நெருங்க நெருங்க நகர்ந்தார். நகர்ந்துகொண்டே தோட்டா நிரப்பினார். அவன் அடிக்கக் கை ஓங்கும்போது மார்பில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். அந்த நொடியில் அதன்மேல் ஒரு தோட்டா, ஒன்றே ஒன்று! அப்படியே அவனை மறுகோடிக்கு இழுத்துப் போய், சட்டென்று திரும்பி ஓடிவந்து என்னை உயிர்ப்பித்தார்.

"இப்பவாச்சும் நில்லுங்க சார்."

நின்றேன். வாளைக் குறுக்கே பிடித்து, அடி வாங்கி, அசையாமல் நின்றேன். மீதி நாற்பது நொடி. அதுவரை அவர் தொடாமல் சேர்த்து வைத்திருந்த வெடிதோட்டாக்கள் மூன்று. முதலாவதில் அரக்கன் தள்ளாடினான். இரண்டாவதில் மண்டியிட்டான். மூன்றாவதில் மண்ணில் சரிந்தான்!

சபையோரே! இந்தக் கோப்பையில் பொறித்திருப்பது என் பெயர் மட்டும். மன்ற உறுப்பினர் பெயர்தான் பொறிப்பார்களாம்; கான்ட்ராக்ட் ஊழியர் உறுப்பினராக முடியாதாம். தலைவர் அவர்களே, குறி பார்த்த கண் யாருடையது? குப்புறக் கிடந்தவனை எழுப்பிய கை யாருடையது? புவனாவின் பெயர் ஏறாமல் இந்தக் கோப்பை என் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டாது!

ஐயா ஏதோ சொல்கிறார்... என்னங்க ஐயா? "நாளைக்கே பொறிச்சிடலாம்ங்க!" கேட்டீர்களா? சரி, அவர் பெயர் முதலில் இருக்கட்டும் ஐயா!

புவனா அவர்களே, மேடைக்கு வாருங்கள். ஒலிபெருக்கியை உங்களிடம் தருகிறேன். என்னைத் திட்ட இன்னும் மிச்சமிருந்தால் ஊரறியத் திட்டலாம். பொறுமையாய்க் கேட்ட நெஞ்சங்களுக்கு நன்றி! வணக்கம்!