என்ஜினுக்கு வைத்த பொட்டு

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் அக்காவிடம் கேட்டாள்:

"என்ஜினுக்குப் பொட்டு வச்சது தப்பாக்கா?"

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

"அதுல என்னடி தப்பு? ஆயுத பூஜைக்கு எல்லாரும் வைக்கிறதுதானே."

"எங்க வூட்டுக்காரரு அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரு என்ஜின நம்ம ஷெட்டுல பிரிச்சுப் போட்டுக்கினு இருக்காரு இல்ல? எந்த போல்ட்டு எங்கேர்ந்து கழட்டினதுன்னு பேப்பர்ல எழுதி, அது மேலயே வரிசையா வச்சிருந்தாரு."

"சரி."

"ஒரே கிரீஸு. நேத்து எல்லாத்தயும் ஒரே அன்னக்கூடைல அள்ளிப் போட்டு, சோப்பு போட்டுக் கழுவி, பொட்டு வச்சிட்டேன்."

"அடிப்பாவி! பேப்பரு?"

"குப்பையோட கொளுத்திட்டேன்."

அக்கா அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"ஏதோ பார்ட்டு வாங்க சென்னைக்குப் போயிருக்காரு. சாயந்திரம் வந்துடுவாரு. இப்பதான் போன் பண்ணாரு. காத்து அடிச்சா பேப்பருங்க பறந்துடும், ஷெட்டு கதவ நல்லா சாத்திட்டு வந்தியான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"பறக்காதுன்னேன்."