மதாம்மா சொன்னது

நீங்கள் வாங்கித் தந்த கருப்பட்டிக் காப்பி நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. சுக்கு சற்றுத் தூக்கல், ஆனாலும் இந்த மழைக்கு அதுதான் பொருத்தம். கேட்டதை ஆற அமரச் சொல்கிறேன். பேசுவதுதானே என் தொழில். சிதறால் மலையடியில் எங்கள் சபைக்கு உங்கள் எதிரில் இருக்கிற இந்த ஞானையன்தான் வெகுகாலமாக உபதேசியார்.

மதாம்மாவிலிருந்து தொடங்க வேண்டும். சீமையிலிருந்து வந்து எங்கள் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவர். நல்ல மனுஷி, தமிழ்தான் வாயில் நுழையவில்லை. அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அவர் ஒரு வரி சொன்னால் நான் ஒரு பிரசங்கமே செய்வேன். கேட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதாம்மா என்னமாய்ச் சொல்லுதாவ என்பார்கள். பக்கத்தில் நிற்கிற என்னை ஒருத்தியும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கடைத் தேங்காயை வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள், உபதேசியார் சொல்லக்கூடாத பழமொழிதான். தேங்காய் என்னுடையது, புண்ணியம் அவருக்கு. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

'பொறுத்தவள் வீட்டில் கர்த்தர் குடியிருப்பார்.' இதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். களியக்காவிளை வரைக்கும் மதாம்மா சொன்னது என்று சொல்கிறார்கள். எங்கள் சபையில் கலியாணமாகிப் போகிற பெண்ணுக்கு இந்த வாக்கியத்தைத் துணியில் தைத்து, ஓரத்துக்கு லேஸ் வைத்து, வேதபுத்தகத்தைச் சுற்றிக் கையில் கொடுப்பது வழக்கம். தாலிக்கு அடுத்தபடி அதுதான்.

அதைச் சொன்னவன் நான். என் தம்பி ராஜமணியின் பெண்சாதி முத்துக்கனி ஒருநாள் மதாம்மாவின் பங்களாவுக்கு வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை, முகம் வீங்கி, முன்பல் இல்லை. தம்பி கோபம் வந்தால் கொஞ்சம் கை நீட்டுகிறவன். இவள் இங்கேயே இருக்கட்டும், யாரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று இங்கிலீஷில் சொன்னார் மதாம்மா. உபதேசியார் வீட்டுப் பெண் வெள்ளைக்காரி பங்களாவில் போய்க் குடியிருந்தால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு பிரசங்கம் செய்வது? வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் முழுசாக, அழகாக, தானாக வந்தது. தாம் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து மதாம்மா சிரித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டு முத்துக்கனி வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அந்த மழைக்காலத்திலேயே செத்துப்போனாள். காய்ச்சல் என்று சொல்லி நானே அடக்கம் செய்தேன். குழியருகே அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னேன், நன்றாக எடுபட்டது. அவள் ஏன் போனாள் என்று மதாம்மா அழுதுகொண்டே கேட்டார். அவள்தான் பிடிவாதமாகப் போனாள் என்றேன். குழந்தை ஜெபகனியை என் வீட்டில் வைத்து வளர்த்தேன். ஒருநாளும் அவளைப் பட்டினி போட்டதில்லை.

மதாம்மாவின் அடுக்களையில் நின்று கொஞ்சம் இங்கிலீஷும் பழகியவள் நேசம்மாள். அவள்தான் பிறகு லேஸ் வகுப்பை நடத்தினாள். மதாம்மா சாகக் கிடந்தபோது, முத்துக்கனியை நான் இருக்கத்தானே சொன்னேன் என்று அவளிடம் புலம்பியிருக்கிறார். நேசம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் ஜெபகனி என் கஞ்சியைக் குடித்து வளர்கிறவள் என்று வாயை மூடிக்கொண்டு, அதே துணியைப் பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அப்படியே இருந்திருக்கலாம்.

போன மாதம் ஜெபகனி புருஷன் வீட்டிலிருந்து வந்தாள். காது கிழிந்திருந்தது. "பெரியப்பா, இனி நான் அங்க போவ மாட்டேன்" என்றாள். நான் கோபப்படவில்லை. அவள் வேதபுத்தகத்தைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டுக் காட்டினேன், அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் எங்கள் சபைக் கோயில் கிணற்றடியில் நேசம்மாள் என்னை மறித்தாள். மதாம்மாவின் கல்லறையைக் கழுவத் தண்ணீர் கோர வந்தவள். ஜெபகனியிடம்கூட இன்னும் சொல்லவில்லை, முதலில் சபைக்குத்தான் சொல்லப்போகிறேன் என்றாள்.

"ஆராதனை முடிஞ்ச ஒடனே எல்லாருக்க முன்னாலயும் சொல்லுவேன், உபதேசியாரே. அது மதாம்மா சொன்னதில்ல, நீரு சொன்னது. அம்மைய கொன்ன சொல்லு மவளையும் கொல்ல நான் விடமாட்டேன்."

நீரு சொன்னது. ஐயா, என் ஆயுசில் அதை என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் யோசித்தேன். மதாம்மா சொன்னதென்றால் சுவரில் மாட்டுவார்கள், ஞானையன் சொன்னதென்றால் அடுப்பில் போடுவார்கள். இந்த ஊருக்கு அவ்வளவுதான் புத்தி. அவள் வாளியை இழுக்கக் குனிந்தாள். கிணற்றுச் சுவர் தாழ்வானது. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊரே சொன்னது, நான் மறுத்துப் பேசவில்லை. அடக்கம் முடிந்ததும் ஜெபகனியை நானே கூட்டிக்கொண்டுபோய் அவள் புருஷன் வீட்டில் விட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். நேற்று நேசம்மாளின் கல்லறைக்குக் கல் வந்து இறங்கியது. என் வாக்கியத்தைப் பெரிதாகக் கொத்தி, அடியில் நேசம்மாள் என்று போட்டிருக்கிறார்கள். அவளிடம் தைக்கப் படித்த சிறுசுகளுக்கு அது அவள் சொன்னதாம். வெள்ளைக்காரி பெயரில் கிடந்ததைப் பொறுத்தேன். அடுக்களைக்காரி பெயரில் எப்படிப் பொறுப்பது? அது என்னுடையது என்று கல்லைச் சுற்றிக் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்கொத்தன் கிருஷ்ணமணி உளியைக் கீழே வைத்துவிட்டு, "செத்தவளுக்க சொல்லையும் களவாண்டிட்டுப் போவீரா, உபதேசியாரே?" என்று கேட்டான்.

அதனால்தான் நானாக நடந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள், அந்தக் கல்லில் மட்டும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். சாட்சி உண்டா என்கிறீர்கள். மதாம்மாவும் இல்லை, முத்துக்கனியும் இல்லை. அது என் வாயிலிருந்து வந்தது என்று அறிந்தவள் பூமியில் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். அவளை நான்தான் கிணற்றில் தள்ளிவிட்டேன்.