குழாய் வாயில் அடித்த பச்சை பெயிண்ட்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. இப்போது துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள சரக்குக் கப்பலில் ஆறு வருடமாக ஃபிட்டர் வேலை செய்கிறேன். கப்பலின் தலைமை இன்ஜினியர் என் அக்காவின் கணவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

இன்ஜின் அறையின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீரை, எண்ணெய் பிரிக்கும் இயந்திரம் வழியாகத்தான் கடலில் விட வேண்டும். இயந்திரம் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது, உதிரி பாகம் வரவில்லை. தொட்டி நிரம்பிவிட்டதால் நேற்றுக் காலை, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், தலைமை இன்ஜினியர் சொன்னபடி நான் ஒரு முழ நீளக் குழாயை மாட்டி, தண்ணீரை நேராகக் கடலுக்குத் திருப்பினேன். அதன் பிறகு காற்று வாங்க மேல்தளத்துக்குப் போனேன். கப்பலுக்குப் பின்னால் ஒரு மீன்பிடிப் படகில் ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அதன் பிறகு அவர் வலையைத் தூக்கிக் காட்டினார். அது கறுப்பாக இருந்தது. நான் கையை இறக்கிவிட்டேன்.

அதன் பிறகு கீழே போய்க் குழாயைக் கழற்றி, அது இருந்த இடத்தின் இரண்டு வாயையும் தகடு வைத்து மூடி, பச்சை பெயிண்ட் அடித்தேன். அப்படி அடிக்க யாரும் சொல்லவில்லை. ஸ்பேனர் பட்ட இடத்தில் பெயிண்ட் அடிக்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

மதியம் துறைமுகத்துக்கு வந்ததும் கடல் மாசு ஆய்வாளர் அம்மா கப்பலில் ஏறி வந்தார். தகட்டைத் தொட்டார். பெயிண்ட் விரலில் ஒட்டியது.

“ரூம் பூரா எண்ணெய்ப் பிசுக்கு. இது மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கே?” என்றார்.

“வழக்கமா பாக்குற வேலைதான் மேடம்” என்றார் தலைமை இன்ஜினியர்.

ஆய்வாளர் என் கையைப் பார்த்தார். “நீங்க அடிச்சதா? சுத்தமா அடிச்சிருக்கீங்க. இங்க இருந்த குழாய் எங்க?”

தலைமை இன்ஜினியர் என்னைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறந்தால் அவருடைய சான்றிதழ் போய்விடும், சிறைக்கும் போகலாம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த வலைதான் கண்ணில் நின்றது. பட்டறை மேசைக்கு அடியில், கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் இருந்த குழாயை எடுத்துவந்து கொடுத்தேன்.

ஆய்வாளர் போன பிறகு தலைமை இன்ஜினியர், “பெயிண்ட் அடிச்சு என்னை மாட்டிவிட்டது போதாதா மச்சான்? அக்காகிட்ட நீயே சொல்லிடு” என்றார்.

“சொல்றேன் அத்தான்” என்றேன்.

அதன் பிறகு அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “அவர் சாப்பிட்டாராடா?” என்று மட்டும் கேட்டாள்.

குழாயை மாட்டியது என் கைதான். அதை மறுக்கவில்லை. படகில் இருந்தவரைக் கண்டுபிடித்தால், நான் கையை ஆட்டியது கேலிக்கு அல்ல என்று அவரிடம் சொல்லும்படி இந்த வாக்குமூலம் வாங்கும் அதிகாரிகளைக் கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(கையெழுத்து)
கப்பல் ஃபிட்டர்