செவலை நாய் உயிரோடு இருக்கிறது

ராகிக் களி கிண்டும்போது தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் மாவைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கட்டி தட்டிவிடும். நாய்க்குத்தானே என்று வேலைக்காரர்கள் அவசரப்படுவார்கள், நான் விட்டதில்லை. கட்டியாக இருந்தால் பல் போன கிழட்டு நாய்கள் விழுங்க முடியாமல் திணறும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர், நான் ஏதோ அசட்டையாக இருந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. நடந்தது எதுவும் அசட்டையால் நடக்கவில்லை.

என் பெயர் வெங்கடலட்சுமி. என் கணவர் கோவிந்தராஜுலு பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி வைத்திருந்தார். ஐம்பத்தாறாம் வருஷம் மாரடைப்பு வந்து காலமானார். பிள்ளைகள் இல்லை. தொண்டாமுத்தூர் போகும் வழியில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதற்குள் வீடும் பெரிய மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. அவர் காலமான சில மாதங்களில், காந்திபுரத்தில் காரை நிறுத்தியிருந்தபோது நாய் பிடிக்கிற வண்டி வந்தது. பால் மடி தொங்கும் ஒரு பெட்டை நாயை இடுக்கியால் கழுத்தைக் கவ்வி இழுத்தார்கள். அது கத்தவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று. இறங்கிப் போய் அதைக் கேட்டு வாங்கி வந்தேன்.

பிறகு தோப்பு வாசலில் ஒரு பலகை வைத்தேன். இங்கே எந்த நாயையும் கொல்ல மாட்டோம், எந்த நாயையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. சொன்னபடியே நடந்தேன். மில் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து லாரியில்கூட வந்தன. விடிகாலையில் குட்டிகளைச் சாக்கில் கட்டி வேலிக்கு இந்தப் பக்கம் எறிந்துவிட்டுப் போனார்கள். மாதர் சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.

கொட்டகை நிறைந்தது. பம்ப் ரூம் நிறைந்தது. தேங்காய் போடுகிற அறையையும் திறந்துவிட்டேன். நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்தன. சொறி ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவியது. களித் தொட்டியில் பலமுள்ளவை தின்றன. மற்றவை தள்ளி நின்று பார்த்தன. காலையில் கதவைத் திறந்தால் சில கிழிபட்டுக் கிடக்கும். அவற்றை எடுத்துப்போடுவது கருப்பாத்தாள் வேலை.

கருப்பாத்தாள் எங்கள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் சின்னானின் மனைவி. பாவாத்தாள் என்று அவர்களுக்கு ஒரே மகள். கருப்பாத்தாளுக்கு நாய்கள் என்றால் பயம். வேலை கொடுத்தேன், செய்தாள்.

ரிட்டையரான மாட்டு டாக்டர் அக்பர் அலி எப்போதாவது வந்து மருந்து கொடுப்பார். ஒரு நாள் கொட்டகையைச் சுற்றி வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னார்: "அம்மா, பாதிக்கு மேல தேறாதுங்க. ஊசி போட்டு முடிச்சரலாம். மீதியாவது வவுறு நெறஞ்சு பொழச்சுக்கும்."

"எந்தப் பாதின்னு காட்டுங்க, டாக்டர்."

அவர் நிஜமாகவே காட்ட ஆரம்பித்தார். நான் போதும் என்றேன்.

"நீங்க கொல்றதில்லீங்க, வாஸ்தவம்தான். ஆனா சாகறது நிக்கலீங்களே" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் கூப்பிடவில்லை. கொல்லச் சொல்கிறவரை உள்ளே விட முடியாது இல்லையா?

போன ஆவணியில் ஒரு செவலை நாய் வந்தது. இடது காதில் பழைய தழும்பு. வந்த மறுநாளே மற்ற நாய்களோடு சண்டை. விலக்கப்போன கருப்பாத்தாளின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கம்மா, பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடோணுங்களா?"

ஆஸ்பத்திரியில் நாய் எங்கே என்று கேட்பார்கள். சுகாதார அதிகாரி வருவார். ஒரு நாய்க்கு வெறி என்று தெரிந்தால் எல்லாவற்றையும் சுட்டுவிடுவார்கள். இத்தனை உயிர்கள். அவளிடம் சொன்னேன்: "நாயைக் கட்டி வெச்சுப் பார்க்கலாம். பத்து நாள் உசுரோட இருந்துதுன்னா ஒண்ணுமில்ல. எதுக்கு வயித்தைச் சுத்தி ஊசி?"

அவளும் நம்பினாள். அது பொய்யும் இல்லை. டாக்டர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

நாயைத் தனியாகப் பம்ப் ரூமுக்குப் பின்னால் கட்டினேன். மூன்றாம் நாள் அதன் கீழ்த்தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூலாக ஒழுகியது. சங்கிலியைக் கடித்தது. குரல் கம்மிப்போயிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர். தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. அடுத்த நாள் கருப்பாத்தாள் வேலைக்கு வரும் முன்பே அது செத்துக் கிடந்தது. நானே கடப்பாரை எடுத்துக் குழி தோண்டினேன். அதுவரை நான் கடப்பாரையைத் தொட்டதில்லை.

கொட்டகையில் செவலைகளுக்குப் பஞ்சமில்லை. அதே வயசில், அதே உடல்வாகில் ஒன்றைப் பிடித்து அதே சங்கிலியில் கட்டினேன்.

கருப்பாத்தாள் தினமும் வந்து எட்ட நின்று பார்ப்பாள். ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங்கம்மா, இதுக்குக் காதுல ஒரு தழும்பு இருந்துதுங்களே?"

"ஆறிப்போச்சு, கண்ணு" என்றேன்.

அவளை நான் கண்ணு என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். பத்து நாள் முடிந்ததும் அந்த நாய்க்குக் கொஞ்சம் மோர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காலில் கடிபட்ட இடம் மதமதப்பாக இருந்தது. பிறகு காய்ச்சல். ஒரு காலையில் சின்னான் ஓடி வந்தான். "அம்மா, தண்ணியக் கண்டா கத்தறாளுங்க. தொண்டைய இறுக்குதுங்கறா." என் காரிலேயே அனுப்பி வைத்தேன். மறுநாள் நானும் போனேன். கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அம்மா, அந்த நாய் உசுரோடதானுங்க இருக்குது?"

"இருக்குது."

"அப்ப எனக்கு அது இல்லீங்க. வேற என்னமோ."

அவளுக்கு அந்த நிம்மதியாவது கிடைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் யாருக்கு என்ன லாபம்? மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

அந்தச் செவலை, கட்டுவதற்கு முன்னால் மற்ற நாய்களையும் கடித்திருக்கிறது. அதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். கார்த்திகையில் ஒன்றன்பின் ஒன்றாக நாய்களுக்குத் தாடை தொங்க ஆரம்பித்தது. சின்னான்தான் போய் அக்பர் அலியைக் கூட்டி வந்தான். அவர் பார்த்த உடனே கேட்டார்: "கருப்பாத்தாளக் கடிச்சது எங்கீங்க?" இன்னும் கட்டியிருந்த நாயைக் காட்டினேன். காதுத் தழும்பைப் பற்றிச் சின்னான் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காதைத் தடவினார், என்னை நிமிர்ந்து பார்த்தார். நேரே சுகாதார அதிகாரியிடம் போனார். மறுநாள் துப்பாக்கிகளோடு ஆட்கள் வந்தார்கள். சாயங்காலம் வரை சத்தம் கேட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். கருப்பாத்தாளுக்கு அழுதேனா என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அழச் சின்னான் இருந்தான். இவற்றுக்கு என்னை விட்டால் யார்?

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். நாய்க்கு வெறி என்று எனக்குத் தெரியும். அது செத்ததும் தெரியும். ஊசி போட்டால் அவள் பிழைப்பாள் என்றும் தெரியும். தெரிந்தே வேறொரு நாயைக் கட்டினேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்தது நான். அவளை ஒரு பக்கமும் அத்தனை நாய்களை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். அதை உங்கள் முன்னால் வைத்திருந்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. நேற்று காலையில் வாசலில் யாரோ மூன்று குட்டிகளை விட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. தனியாக எல்லாம் பார்க்க என்னால் முடியாது. மகள் பாவாத்தாளை அனுப்பும்படி சின்னானிடம் சொல்லிவிட்டேன். தாயில்லாப் பிள்ளை, அவளுக்கும் போக ஒரு இடம் வேண்டும் அல்லவா?