பனிமூட்ட நாளுக்கு ஒரு கதை

பேருந்து ஆறரைக்குக் கிளம்பும். அதனால் டிக்கெட்டில் ஆறு என்று அச்சடித்திருப்போம். உண்மையான நேரத்தைப் போட்டால் ஏழரைக்குக்கூட நகர முடியாது; வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று யாராவது ஒருவர் திரும்பிப் போயிருப்பார். நகரத்திலிருந்து மலைக்கு ஒருநாள் சுற்றுலா என்பது இப்படிச் சின்னச் சின்னப் பொய்களால்தான் ஓடுகிறது. "இந்த வருஷம் மாதிரி இந்த அருவியில தண்ணி வந்ததே இல்லை" என்பேன். எல்லா வருஷமும் அதையேதான் சொல்வேன். யாருக்கும் நஷ்டமில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் ஸ்வெட்டரைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். பள்ளத்திலிருந்து அந்த அம்மாவின் உடலை எடுத்தபோது அவர் கையில் புது ஸ்வெட்டர் ஒன்று இருந்தது, அது அவர் அளவு இல்லை, யாருக்காக எடுத்துப்போனார் என்று அவருடைய அண்ணன் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றீர்கள். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஒரு வரியில் எழுதினால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால்தான் கூடுதலாகத் தாள் கேட்டேன்.

பன்னிரண்டு வருடமாக இந்தப் பேருந்தில் வழிகாட்டி நான். டிரைவர் அண்ணன் என்னை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார். "மைக்கு, உன் வாய்க்கு ஒரு பிரேக் போடேன், எனக்கு வண்டி பிரேக் சத்தமே கேக்க மாட்டேங்குது" என்பார். சும்மா வாயளக்கிறவன் இல்லை நான். வாந்தி வருகிறவர்களை முன்னால் உட்கார வைப்பேன், கோபித்துக்கொண்டு கிளம்பிய புருஷன் பெண்டாட்டியைத் திரும்பும்போது சிரிக்க வைத்து இறக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்களுக்குப் பெரிய வைரி பனிமூட்டம். நாலு மணிநேரம் வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் பார்வை முனையில் இறங்கினால், எதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல் நிற்கும். பள்ளத்தாக்கு, ஏரி, எதிர்மலை, ஒன்றும் தெரியாது. அப்போது பயணிகள் மலையைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள். ஏதோ நான்தான் ராத்திரியே போய் மூடிவைத்துவிட்டு வந்ததுபோல.

அப்படி ஒருநாள், "வெள்ளைச் சுவரு எங்க வீட்லயே இருக்குப்பா" என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "மூட்டம் போட்ட நாள்லதான் சார் இந்த மலை பேசும்" என்றேன். "யாரையாவது பறிகொடுத்தவங்க இருந்தா, வேலிகிட்ட நின்னு கூப்பிட்டுப் பாருங்க."

என் மனைவியும் சனிக்கிழமைகளில் கூட வருவாள். டிரைவர் கேபினில் உட்கார்ந்து வந்து, பயணிகள் இறங்குவதற்கு முன்னாலேயே இறங்கிக் கேன்டீனில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வாள். அவளுக்கு வயது முப்பத்தொன்று. குரலுக்கு மட்டும் பதினாறு. போன் எடுத்தால், "பாப்பா, வீட்ல பெரியவங்க இல்லையா?" என்று கேட்பார்கள். அன்று அவள் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தாள். குப்பை பொறுக்குகிறவர்கள் போய்வர வேலியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் தாண்டி இடது கையில் திரும்பினால் பாறை மறைவில் திட்டுப்போல ஓர் இடம். பத்திரமான இடம்தான். பயணிகளின் சச்சரவிலிருந்து ஒதுங்கி அங்கே உட்கார்ந்து போன் பேசுவாள்.

முதலில் கூப்பிட்டவர் அந்த அம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். தையல்கடை அம்மா என்றே எழுதுகிறேன். பதினேழு வயது மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா" என்றார். சத்தமாகக்கூட இல்லை. என் மனைவி, தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "அம்மா?" என்றாள்.

வெள்ளைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததும் எல்லோரும் வேலிப்பக்கம் திரும்பினார்கள். சண்டைக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தையல்கடை அம்மா அழுதார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வரலாமா தம்பி?" என்றார். வராதே என்று எந்த மனுஷன் சொல்வான்?

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். நாலாம் நம்பர் இருக்கை, ஜன்னல் பக்கம். மூட்டம் இருந்தால் கூப்பிடுவார், என் மனைவி பாறை மறைவிலிருந்து பதில் கொடுப்பாள். மழைக் காலம் முழுக்க மூட்டம்தான். விஷயம் காதோடு காதாகப் பரவியது. வெயில் நாளைவிட மூட்ட நாளுக்கு அதிகம் பேர் பதிவு செய்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. ஒரு தாயின் வாரத்தை நான் தூக்கி நிறுத்துகிறேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை அவர் பேருந்தில் ஏறும்போது என் நெஞ்சு நிறைந்துவிடும். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது வாரம் என் மனைவிக்கு ஜலதோஷம். "அம்மா" என்று சொல்லிவிட்டு இருமினாள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. தையல்கடை அம்மாவின் தலை சட்டென்று நிமிர்ந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே என்னால முடியாதுங்க. உடம்புக்காகச் சொல்லல. அந்தம்மாகிட்டேர்ந்து எதையோ திருடுற மாதிரி இருக்கு. போய் உண்மையைச் சொல்லிடுங்க."

சரி என்றேன். அந்த வாரம் அவள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து என் போனில் பதிவு செய்தேன். அவளுடைய அம்மாவுக்குக் காது மந்தம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்து, தெளிவாகப் பேசுவாள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அது நன்றாகவே கிடைத்தது: "இங்கதாம்மா இருக்கேன்."

உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். பாறை மறைவில் வைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. வெட்டவெளியில்தான் குரல் குரலாகக் கேட்கும். கதவுக்கு நேர் எதிரே, விளிம்பில், பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. பலகை எப்போதோ விழுந்துவிட்டது. அதைத் தாங்கிய இரும்புக் கம்பி மட்டும் பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் கட்டினேன். பதின்மூன்றாவது வாரம் சட்டைப்பைக்குள் கை விட்டுப் போனை அழுத்தினேன். மிக இயல்பாக இருந்தது. தையல்கடை அம்மா அன்று அழவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார்.

பதினாலாவது வாரம். காலை பதினொன்றரை மணி. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கில் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மூட்டம் அப்படி ஒரு மூட்டம். கையை நீட்டினால் விரல் தெரியாது. தையல்கடை அம்மா பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்தார். இளநீலம். கழுத்துவரை பொத்தான்.

"தம்பி, அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து விடு. இதைக் குடுத்துட்டு வந்துடுறேன்."

"யாருக்கும்மா?" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்குத்தான். அன்னிக்கு இருமுச்சே. இந்த ஈரத்துல எப்படித்தான் உட்காந்திருக்கோ. ஆளைப் பாக்காம அளவு வச்சிருக்கேன், குரலை வச்சு ஒரு குத்துமதிப்பா. தப்பா இருந்தா பிரிச்சுத் தச்சுத் தர்றேன்."

அவர் சிரித்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. எம்பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிட்டதே இல்லை. டெய்லரேன்னுதான் கூப்பிடுவா. 'என்ன டெய்லரே, இன்னிக்கு சோறு உண்டா இல்லையா'ன்னு."

"அப்புறம் ஏம்மா வாராவாரம் வந்தீங்க?"

"யாரோ ஒரு பொண்ணு அம்மாங்குது. கேக்க நல்லாயிருந்துச்சு. நீயும் பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு ஏற்பாடு பண்ற. ஏன் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பதினாலு வாரம் நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர்தான் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'நீயும் பாவம்' என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன், நிச்சயமாக விழுந்திருப்பேன்.

'அங்கே யாரும் இல்லைம்மா, அது ஸ்பீக்கர்' என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நானும் யோசித்தேன். ஒரு பெண் குளிரில் உட்கார்ந்து தன்னை அம்மா என்று கூப்பிட்டதற்காகத்தான் அவர் எங்களை மன்னித்திருந்தார். அதுவும் கருவிதான் என்று எப்படிச் சொல்வது? சொன்னபிறகு நாலு மணிநேரம் திரும்பி வர வேண்டும். நான் மைக் பிடித்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரேதான் நாலாம் நம்பர் இருக்கை. அந்த நாலு மணிநேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பூட்டைத் திறந்தேன். சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். துருப்பிடித்து உடைந்தது என்று அறிக்கையில் எழுதியது பொய். பூட்டைப் பிறகு நான்தான் கல்லால் அடித்தேன்.

நடந்ததை எல்லோரும் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். மகளை இழந்தவர், மகள் குரலைத் தேடிப் போய்விட்டார் என்று டிரைவர் அண்ணன் சொல்ல, கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்பீக்கரை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டபிறகுதான் நான் கத்தினேன். அந்த அம்மாவின் அண்ணன் மட்டும், "என் தங்கச்சி அப்படிப் போற ஆள் இல்லை. தைக்கக் குடுத்த துணியெல்லாம் கடையில அப்படியே கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அந்தக் கதையை நான் மைக்கில் சொல்ல வேண்டும். முதலாளி உத்தரவு. வாராவாரம் சொல்கிறேன், பயணிகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்பீக்கர் என் வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. சார்ஜ் போட்டு மூன்று மாதம் ஆகிறது. மனைவிக்கு உடம்பு தேறிவிட்டது. ஆனால் அவள் தன் அம்மாவிடம் போனில் பேசத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. அவள் கேட்காதது எனக்குப் பயமாக இருக்கிறது.

மூட்ட நாட்களில் வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. "குளிருதாம்மா?" என்று கேட்கிறது. என் மனப்பிராந்தி என்றுதான் இருந்தேன். போன சனிக்கிழமை வேலியோரம் நின்ற ஒரு பயணி, ஊருக்குப் புதிதாக வந்த பெண், அவளுக்கு எந்தக் கதையும் நான் இன்னும் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு சார் அது, குளிருதான்னு கேக்கிறது?" என்றாள். அன்று இறங்கும் வழி முழுக்க நான் மைக்கைத் தொடவில்லை. திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். "எந்தப்பக்கம் தம்பி?" என்று கேட்டார். "நேரா போங்கம்மா, பத்து எட்டு" என்றேன். ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். ஏழாவது எட்டில் மூட்டத்துக்குள் நின்றுவிட்டார். காலை மட்டும் முன்னால் நீட்டித் தரையைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சரளைக் கல் இரண்டு உருண்டது. "குளிருதாம்மா? எங்க இருக்க, ஒண்ணும் தெரியலையே" என்றார். பிறகு திரும்ப நினைத்திருப்பார் போல, செருப்பு திரும்பித் தேய்ந்தது. அப்போது போன் என் கையில் இருந்தது. அழுத்தினேன். இங்கதாம்மா இருக்கேன் என்றது. செருப்புச் சத்தம் நின்றது, பிறகு அந்தப்பக்கமாகவே போனது.

ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். பாவம், வழி தெரியாமல் நிற்கிறாரே என்றுதான்.