கோட்டுக்கு எந்தப் பக்கம்

ஸ்ரீரங்கத்தில் ஏறிய பெரியவர், பக்கத்து சீட்டு இளைஞரிடம் திடீரென்று சொன்னார்: "எங்க தெரு நடுவுல கோடு போகுது தம்பி."

நான் பின்சீட்டில் இருந்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. கேட்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

"என்ன கோடு சார்?"

"தொகுதி எல்லை. என் வீடு எந்தப் பக்கம்னு கேக்க எலக்‌ஷன் ஆபீசுக்குப் போறேன்."

"அந்த மேப்பெல்லாம் இப்ப நெட்லயே இருக்கே. தெருப் பேரு சொல்லுங்க."

சொன்னார். இளைஞர் போனில் விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஸ்ரீரங்கம் தொகுதிதான் சார். எதுக்கு அலையிறீங்க? பாலம் தாண்டுனதும் இறங்கித் திரும்பிடுங்க."

பெரியவர் போன் பக்கம் திரும்பவே இல்லை.

"நேத்தே பாத்துட்டேன் தம்பி. எங்கிட்டயும் போன் இருக்கு."

"அப்புறம் ஏன் சார் போறீங்க?"

"மேப்பு நம்மள எதுவும் கேக்காதுல்ல. ஆபீசுல உக்கார வச்சு, வீட்டுல எத்தனை ஓட்டுன்னு கேப்பாங்க."

இளைஞர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். "எத்தனை ஓட்டு சார்?" என்றார்.

பஸ் கிளம்பியது.

"போன எலக்‌ஷனுக்கு ரெண்டு" என்றார் பெரியவர்.